கொட்டேஷனை இங்க போடு கண்ணு

*குழு: நம்ம பங்காளிங்க & மச்சானுங்க*

கவிதா (காலை 7:12): எல்லாருக்கும் வணக்கம். மாருதி டிசையர் கார் கொட்டேஷன் வந்திருக்கு, படம் போட்டிருக்கேன். விஎக்ஸ்ஐ மாடல்ல பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் 86 ஆயிரம் வித்தியாசம். சேல்ஸ் பையன் சிஎன்ஜி 33 குடுக்கும்னு சொல்றான். எது எடுக்கறது?

கவிதா: (படம்)

பாலு சித்தப்பா: 33.73 கண்ணு. கிலோவுக்கு, லிட்டருக்கு இல்ல. அது டெஸ்ட் ரூம் நம்பர். ரோலர் மேல வண்டிய நிறுத்தி 20 நிமிஷம் ஓட்டுவாங்க. அதிகபட்ச வேகமே 90தான், ஏசி ஆஃப். காத்தும் இல்ல, மேடும் இல்ல, நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கரும் இல்ல. ஒரு வண்டிய இன்னொரு வண்டியோட ஒப்பிட அந்த நம்பர் உதவும். பெட்ரோல் செலவுக் கணக்குக்கு உதவாது.

பாலு சித்தப்பா: மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? அதைச் சொல்லு முதல்ல.

கவிதா: திருப்பூர்ல இருந்து கோயம்புத்தூர் வாரம் ரெண்டு தரம். மத்தபடி ஊருக்குள்ள. மாசம் 800 இருக்கும் சித்தப்பா.

பாலு சித்தப்பா: சரி, கணக்குப் பாரு. பெட்ரோல் 101, சிஎன்ஜி 93ன்னு வெச்சுக்க. உங்க பங்க் விலை வேறயா இருந்தா அதைப் போட்டுக்க. கையில கிடைக்கற மைலேஜ் பெட்ரோல் 18, சிஎன்ஜி 26ன்னு போடு. பெட்ரோல் கிலோமீட்டருக்கு 5.61 ரூபா, சிஎன்ஜி 3.58. மிச்சம் 2 ரூபா. 86 ஆயிரத்தோட ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் வித்தியாசமும் சேந்தா 1 லட்சம் ஆயிரும். அந்த லட்சத்தைத் திருப்பி எடுக்க 49 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டணும். 800ல அஞ்சு வருஷம் ஆகும். மாசம் 2000 ஓடறவங்களுக்கு ரெண்டே வருஷம்.

கவிதா: அப்ப பெட்ரோலே போதுமா?

செந்தில் மாமா: இன்னொண்ணும் இருக்குமா. டிசையர் சிஎன்ஜி மேனுவல் கியர்ல மட்டும்தான் வரும். பெட்ரோல்ல 81.6 பிஎஸ் பவர், கேஸ்ல 69.75. ஓவர்டேக் பண்ணும்போது அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். டிக்கி பெருசு, ஆனா சிலிண்டர் உக்காந்துட்டா ஊருக்குப் போற சூட்கேஸ் பின் சீட்டுக்குத்தான் வரும். ஏஎம்டியும் (கிளட்ச் இல்லாம தானா மாறற கியர்) கேஸும் சேந்து வேணும்னா டாடா டியாகோ, டிகோர் பாரு, 2024 பிப்ரவரியில இருந்து வருது. அதுல சின்ன சிலிண்டர் ரெண்டைத் தரைக்கடியில படுக்க வெச்சுட்டாங்க, டிக்கில கொஞ்சம் இடம் மிஞ்சும்.

கார்த்தி அண்ணா: கேஸ் சிலிண்டருக்கு 3 வருஷத்துக்கு ஒருக்கா ஹைட்ரோ டெஸ்ட் உண்டு. சிலிண்டரைக் கழட்டி, தண்ணி பிரஷர்ல சோதிச்சு, தேதி அடிச்சுத் தருவாங்க. தேதி தாண்டினா பங்க்ல கேஸ் போட மாட்டாங்க. இதை எந்த சேல்ஸ் பையனும் சொல்ல மாட்டான்.

பெரியம்மா (காலை 7:48): வண்டி என்னிக்கு எடுக்கறீங்க. நல்ல நாள் பாத்துச் சொல்றேன். ஆடியில மட்டும் வேண்டாம்

செந்தில் மாமா: அக்கா, ஆடியிலதான் ஷோரூம்ல தள்ளுபடி கேக்க வசதி. யாரும் வர மாட்டாங்க, மாச டார்கெட் மட்டும் அப்படியே நிக்கும். யார்டுல நிக்கற ஒவ்வொரு வண்டிக்கும் டீலர் பேங்குக்கு வட்டி கட்டிட்டு இருப்பாரு. ஆடியில பேசி முடிச்சு புக் பண்ணிட்டு, ஆவணி மொத முகூர்த்தத்துல வண்டி எடுத்துக்கலாம். பில் எந்த மாசத்துல போடறாங்களோ அந்த மாச ஆஃபர்தான் வரும், அதை மட்டும் எழுத்துல வாங்கிக்கணும்.

செந்தில் மாமா: டிசம்பர்லயும் நல்லாக் குறைப்பாங்க. ஆனா அது தயாரிப்பு வருஷம் மாறுதுங்கறதால. டிசம்பர்ல செஞ்ச வண்டியை ஜனவரியில பதிவு பண்ணினாலும் ஆர்சியில தயாரிப்பு மாசம் வருஷம் தனியா இருக்கும். 4 வருஷத்துல விக்கப் போறவங்களுக்கு அங்க அடி விழும். 10 வருஷம் வெச்சிருக்கறவங்க தைரியமா எடுக்கலாம்.

கார்த்தி அண்ணா (காலை 8:05): கவிதா, கொட்டேஷன் பாத்தேன். வரிசையாச் சொல்றேன்.

கார்த்தி அண்ணா: ஜிஎஸ்டி சரியா 18தான் போட்டிருக்காங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து, 4 மீட்டருக்குள்ள இருக்கற, 1200 சிசி வரைக்கும் பெட்ரோல், கேஸ் வண்டிக்கு 18 சதவீதம். டீசல்னா 1500 சிசி வரைக்கும். முன்னாடி செஸ்ஸோட சேத்து சின்ன பெட்ரோல் வண்டிக்கு 29, டீசலுக்கு 31. இந்த அளவைத் தாண்டின வண்டிக்கு 40. எலக்ட்ரிக் பழையபடி 5.

கார்த்தி அண்ணா: ரோடு டாக்ஸ் தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல மாத்தினது. 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5ல இருந்து 10 வரை 13, 10ல இருந்து 20 வரை 18, அதுக்கு மேல 20. உனக்கு 13 வரும், சரியா இருக்கு.

கார்த்தி அண்ணா: ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒரு வரி இருக்கு பாரு. அதை அடிக்கச் சொல்லு. யார்டுல இருந்து ஷோரூமுக்கு வண்டி கொண்டாற செலவு எக்ஸ் ஷோரூம் விலையிலயே அடங்கியாச்சு. லாஜிஸ்டிக்ஸ், டிப்போ சார்ஜ், ஃபெசிலிடேஷன்னு பேரை மாத்திப் போட்டாலும் அதேதான்.

செந்தில் மாமா: அடிக்கச் சொன்னா அடிச்சுருவாங்க. அப்புறம் அதே தொகை ஆக்சஸரீஸ்ல போய் உக்காரும். அதனால ஒவ்வொரு வரியா பேரம் பேசாத. கடைசி ஆன் ரோடு தொகைய வெச்சுப் பேசு.

கார்த்தி அண்ணா: அதுவும் சரிதான் மாமா 😀 இன்சூரன்ஸ் 1 வருஷம் ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கு), 3 வருஷம் தேர்டு பார்ட்டி (எதிராளிக்கு ஆகற சேதத்துக்கு). 1000க்கு மேல 1500 சிசி வரைக்கும் தேர்டு பார்ட்டி 3 வருஷத்துக்கு 10,640ன்னு 2022ல நிர்ணயம் பண்ணினது, எந்தக் கம்பெனியில போட்டாலும் அதேதான். பேரம் பேச இடம் இருக்கறது ஓன் டேமேஜ்லயும் ஆட் ஆன்லயும்தான். ஷோரூம்லயே போடணும்னு கட்டாயம் கிடையாது. வெளிய ஒரு கொட்டேஷன் வாங்கி அவங்க டேபிள் மேல வை, விலை தானா இறங்கும். ஒப்பிடும்போது ஐடிவி (வண்டி முழுசாப் போனா இன்சூரன்ஸ் தர்ற உச்சத் தொகை) ரெண்டுலயும் ஒண்ணா இருக்கான்னு பாரு. புது வண்டிக்கு எக்ஸ் ஷோரூம்ல 5 சதவீதம் கழிச்சது ஐடிவி. அதைக் குறைச்சுப் போட்டுட்டு பிரீமியம் கம்மின்னு காட்டுவாங்க.

கார்த்தி அண்ணா: ஆட் ஆன்ல ஜீரோ டெப் (பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காம தர்றது), இன்ஜின் ப்ரொடெக்ட் ரெண்டும் போதும். மழைத்தண்ணில இன்ஜின் நின்னு, மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் போச்சுன்னா இன்ஜின் ப்ரொடெக்ட் இல்லாம ஒரு பைசா வராது. சாவி தொலைஞ்சா, பை தொலைஞ்சா அதுக்கெல்லாம் ஆட் ஆன் வேண்டாம்.

சுரேஷ் மாப்ள (காலை 9:20): அண்ணா, நான் மாருதி விக்டோரிஸ் பாக்கறேன். எக்ஸ் ஷோரூம் 10 லட்சத்தைக் கொஞ்சம்தான் தாண்டுது, பரவால்லையா?

கார்த்தி அண்ணா: அந்தக் கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி யோசி மாப்ள. 9.90 லட்சம் வண்டிக்கு ரோடு டாக்ஸ் 13 சதவீதம், 1,28,700. 10.10 லட்சம் வண்டிக்கு 18 சதவீதம், 1,81,800. வண்டி விலை 20 ஆயிரம்தான் கூடுது, வரி 53 ஆயிரம் கூடுது. 10 லட்சம் தாண்டினா 1 சதவீதம் டிசிஎஸ் (விக்கும்போதே புடிக்கற வருமான வரி) வேற புடிப்பாங்க. அது இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ல திரும்ப வரும், பான் நம்பர் சரியாக் குடுத்துரு. விக்டோரிஸ் 2025ல வரும்போதே ஆரம்ப விலை 10.50, அதனால அதுல தப்பிக்க வழி இல்ல. 4.36 மீட்டர் நீளம், ஜிஎஸ்டியும் 40 தான்.

சுரேஷ் மாப்ள: அதுல ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேந்தது) மைலேஜ் 28.65ன்னு போட்டிருக்கு

பாலு சித்தப்பா: ஊருக்குள்ள ஓட்டறவங்களுக்கு ஹைபிரிட் நல்லது. பிரேக் புடிக்கும்போது வீணாப் போற சக்தியை பேட்டரிக்குத் திருப்பும், சிக்னல்ல இன்ஜினே ஓடாது. நேஷனல் ஹைவேல 100ல ஒரே மட்டமாப் போறவங்களுக்குப் பிரேக்கே புடிக்கறதில்ல, அதனால லாபமும் சுருங்கிரும். நீ பெருந்துறைக்கு ஹைவேலயேதான போற?

செந்தில் மாமா: 4 மீட்டருக்குள்ள வேணும்னா புது ஹூண்டாய் வென்யூ பாரு மாப்ள. 2025 நவம்பர் 4ல வந்துச்சு, அப்ப 7.90 லட்சத்துல ஆரம்பம். 3995 மில்லிமீட்டர் நீளம், பழசை விட அகலம் 30 மில்லி கூட. பின் சீட்டுல மூணு பேருக்கு அது பெரிய வித்தியாசம். 1.2 பெட்ரோல், 1.0 டர்போ, 1.5 டீசல். டாடா சியரா 2025 நவம்பர் 25ல வந்தது, அப்ப 11.49 லட்சத்துல ஆரம்பம், அதுவும் 40 சதவீத ஜிஎஸ்டி கோஷ்டி. என்னைக் கேட்டா, புது மாடல் வந்த உடனே மொத பேட்ச் எடுக்காத. சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு நாலு தரம் சர்வீஸ் சென்டர் அலையணும். ஆறு மாசம் பொறு.

கவிதா (காலை 10:02): சித்தப்பா, இ20 பெட்ரோல்ல (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மைலேஜ் குறையும்னு எல்லாரும் சொல்றாங்களே. இன்ஜின் போயிருமா?

பாலு சித்தப்பா: மைலேஜ் குறையும், அது உண்மை. ஒரு லிட்டர் பெட்ரோல்ல 32 மெகாஜூல் சக்தி, எத்தனால்ல 21. 20 சதவீதம் கலந்தா கிட்டத்தட்ட 30. சுத்தப் பெட்ரோலை விட 7 சதவீதம் கம்மி. ஆனா ஏற்கெனவே 10 சதவீதம் கலந்துதான போட்டுட்டு இருந்தோம், அதோட ஒப்பிட்டா இறக்கம் மூணரை சதவீதம். அதுக்கு மேல குறைஞ்சா பெட்ரோலைத் திட்டாம டயர்ல காத்தைப் பாருங்க. 2023 ஏப்ரல்ல இருந்து வர்ற வண்டில ஹோஸ், சீல் எல்லாம் இ20க்குத் தாங்கற ரகம். பழைய வண்டிக்காரங்க ஒவ்வொரு சர்வீஸ்லயும் ஃபியூயல் ஹோஸ் விறைச்சிருக்கா, வெடிப்பு இருக்கான்னு பாக்கச் சொல்லணும். மாசக்கணக்குல வண்டிய நிறுத்தி வைக்காதீங்க, எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கவிதா: ஓட்டறதுல எப்படி மிச்சம் புடிக்கறது? மேனுவல்தான் எடுக்கப் போறேன்.

பாலு சித்தப்பா: மொதல்ல அளக்கக் கத்துக்க. மீட்டர்ல காட்டற மைலேஜ் கொஞ்சம் தாராளமாத்தான் காட்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோ கட் ஆனதும் நிறுத்து. ‘ரவுண்டா ஆக்கிடறேங்க’ன்னு மேல ஊத்த விடாத. ட்ரிப்பை ஜீரோ பண்ணு. 300 கிலோமீட்டர் தாண்டி அதே பம்ப்ல மறுபடி ஆட்டோ கட். ஓடின கிலோமீட்டரை லிட்டரால வகுத்துக்க. மூணு தரம் செஞ்சு சராசரி எடு. மொத ரெண்டு சர்வீஸ் வரைக்கும் வர்ற நம்பரைப் பாத்துக் கவலைப்படாத, இன்ஜின் இன்னும் இறுக்கமா இருக்கும்.

பாலு சித்தப்பா: அப்புறம் கியர். 2000ல இருந்து 2500 ஆர்பிஎம்முக்குள்ள மாத்திரு. மைலேஜ்னு நினைச்சு 30ல நாலாம் கியர் போட்டு வண்டிய உதற விடாத. 1200க்குக் கீழ இழுத்தா இன்ஜின் திணறும், நீயும் ஆக்சிலேட்டரை அமுக்குவ, ரெண்டுல எதுவும் மிச்சம் இல்ல.

பாலு சித்தப்பா: சிக்னல் தூரத்துல சிவப்பாத் தெரிஞ்சா காலை எடுத்துரு, கியர் அப்படியே இருக்கட்டும். கியர்ல உருளும்போது இன்ஜெக்டர் பெட்ரோலை முழுசா நிறுத்திரும், சக்கரமே இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல் பண்ணினா ஐட்லிங் ஓட பெட்ரோல் ஊத்தியே ஆகணும். நியூட்ரல்ல மிச்சம்ங்கறது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு.

செந்தில் மாமா: மச்சான், ஊட்டில இருந்து எறங்கும்போது நியூட்ரல்ல வர்ற ஆளுங்களுக்கும் இதைச் சொல்லுங்க.

பாலு சித்தப்பா: அங்க பெட்ரோலை விட உயிர்தான் முக்கியம். கோத்தகிரி ரோடோ குன்னூர் ரோடோ, ஏறின கியர்லயே எறங்கணும். செகண்ட்ல போட்டா இன்ஜினே புடிக்கும். நியூட்ரல்ல வந்தா முழு எடையும் பிரேக் மேல. பேட் சூடாகி, ஆயில் கொதிச்சா பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது.

கவிதா: அவினாசி ரோட்டுல எவ்வளவு வேகம் போகலாம்?

பாலு சித்தப்பா: மேல் கியர்ல 75, 80. காத்துத் தடை வேகத்தோட வர்க்கமா ஏறும். 80ல இருந்து 110 போனா தடை 1.9 மடங்கு. நீலாம்பூர் வரைக்கும் 110ல போய் மிச்சம் புடிக்கறது சில நிமிஷம்தான், அதையும் அடுத்த டோல் வரிசை தின்னுரும். கோல்ட்வின்ஸ்ல ஏறி உப்பிலிபாளையம் எறங்கற பாலம் 10.1 கிலோமீட்டர், சிக்னலே இல்ல. கீழ போறதுக்கும் மேல போறதுக்கும் மைலேஜ்ல வித்தியாசம் நல்லாத் தெரியும். ஏசி போட்டு கண்ணாடி ஏத்திக்க. அந்த வேகத்துல கண்ணாடி இறக்கினா காத்து உள்ள பூந்து இழுக்கும். ஊருக்குள்ள 40ல வேணும்னா இறக்கிக்க.

பாலு சித்தப்பா: வெயில்ல நின்ன வண்டின்னா மொத ஒரு நிமிஷம் நாலு கண்ணாடியும் இறக்கி ஓட்டு, சூடு வெளிய போகட்டும். அப்புறம் ஏத்திட்டு ரீசர்குலேஷன் (உள்காத்தையே சுத்த விடற பட்டன்) போடு.

கார்த்தி அண்ணா: சிக்னல்ல ஆஃப் பண்ணினா நிஜமா மிச்சமா?

பாலு சித்தப்பா: 1.2 இன்ஜின் சும்மா நின்னா மணிக்கு முக்கால் லிட்டர் வரைக்கும் குடிக்கும், ஏசி போட்டா இன்னும் கூட. தினம் 10 நிமிஷம், மாசம் 25 நாள்னா 3 லிட்டர். அரை நிமிஷத்துக்கு மேல நிக்கற சிக்னல்னா ஆஃப் பண்ணு. அதுக்குக் கீழ வேண்டாம்.

செந்தில் மாமா: காத்து?

பாலு சித்தப்பா: டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், அந்த நம்பர்தான். டயர் மேல அச்சடிச்சது தாங்கற உச்ச அளவு, அதை அடிக்கக் கூடாது. 15 நாளைக்கு ஒருக்கா, காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி அளக்கணும். ஒரு பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ் 0.2 சதவீதம் போகும். 5 குறைஞ்சா 1 சதவீதம், கூடவே டயர் ஓரம் தேஞ்சு ஒரு செட் டயர் சீக்கிரம் போகும், பெரிய நஷ்டம் அதுதான். நைட்ரஜனுக்குக் காசு குடுக்காத, சாதாக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

பாலு சித்தப்பா: ஆயில்ல மட்டும் ஏமாந்துராத. மேனுவல்ல ஜீரோ டபிள்யூ 16ன்னு இருந்தா அதுவேதான். வெளில ‘கெட்டி ஆயில் நல்லது’ன்னு 10 டபிள்யூ 40 ஊத்துவாங்க. இடைவெளி நுணுக்கமான இன்ஜின், கெட்டி ஆயிலைத் தள்ளவே பெட்ரோல் செலவாகும். ஏர் ஃபில்டர் அழுக்கா இருந்தா மைலேஜ் போகும்னு பயமுறுத்துவாங்க. இன்ஜெக்‌ஷன் வண்டில கம்ப்யூட்டர் காத்துக்குத் தகுந்த பெட்ரோல்தான் விடும், பவர்தான் குறையும். ஃபில்டரைக் கணக்கு வெச்சு மாத்து, அவசரத்துக்கு மாத்தாத.

செந்தில் மாமா (மதியம் 1:15): கவிதா, முக்கியமானது. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி யார்டுல போய் வண்டியப் பாத்துரு. பதிவானதுக்கப்புறம் ‘வேற வண்டி குடு’ன்னு சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்துல போ. சேசிஸ் நம்பர் படம் எடுத்துக்க, ஃபார்ம் 21ல (டீலர் தர்ற விற்பனைச் சான்று) அதே நம்பரும் தயாரிப்பு மாசமும் இருக்கான்னு பாக்கணும். டயர்ல நாலு இலக்கம் இருக்கும், 2325ன்னா 2025ல 23வது வாரம். அஞ்சு டயரும் பாரு, ஸ்டெப்னியை விட்டுராத. கதவு இடுக்கு நாலும் ஒரே சீரா இருக்கணும். ஒரு பக்கம் விரல் நுழைஞ்சு இன்னொரு பக்கம் நுழையலன்னா இறக்கும்போது எங்கயோ இடிச்சிருக்கு.

பெரியம்மா (மதியம் 1:40): வர்ற வெள்ளி நாள் நல்லா இருக்கு. எலுமிச்சம்பழம் நாலு போதுமா பாலு

பாலு சித்தப்பா: போதும் அண்ணி. கவிதா, பழம் நசுக்கிட்டு நேரா பங்க்குக்குப் போ, டேங்க்ல ரெண்டு லிட்டர்தான் விட்டிருப்பாங்க. அங்கயே காத்தையும் பாத்துரு. யார்டுல நிக்கற வண்டிக்கு டயர் சப்பையாகக் கூடாதுன்னு 40க்கு மேல அடிச்சு வெச்சிருப்பாங்க, பல இடத்துல அதைக் குறைக்காமயே சாவி குடுத்துருவாங்க.