லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரலும் ட்ரம்பெட்டும்: எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்?

இசைத்தட்டுப் பிரியர்:

அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங்கை இதுவரை அவருடைய பிற்காலப் பாடல்கள் வழியாக மட்டுமே அறிந்திருந்தேன். அண்மையில், 1925 முதல் 1928 வரை ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் சிகாகோவில் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் என்ற தம் குழுக்களோடு அவர் பதிவு செய்த இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்டு வருகிறேன். கரகரத்த அந்தக் குரலுக்கும் பளிச்சென்று ஒலிக்கும் அந்தப் பித்தளைக் கருவிக்கும் ஒலித்தன்மையில் எந்த ஒற்றுமையும் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே மனிதருடையவை என்பது பெயரைப் பார்க்காமலே புலப்பட்டுவிடுகிறது. இந்த உணர்வை உண்டாக்குவது எது? சொற்களுக்குப் பதிலாகப் பொருளற்ற அசைகளைப் பாடும் 'ஸ்காட்' முறையை அவர்தான் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறதே, அது உண்மையா?

பித்தளைக்குழல்:

ஒலித்தன்மையை ஒதுக்கிவிட்டுத் தாளத்தைக் கவனியுங்கள், விடை அங்கேதான் இருக்கிறது. அவர் தாள அடியின் மீது சரியாக வந்து இறங்குவது அரிது. சில சொற்களை அடி கடந்த பிறகு நிதானமாக வைப்பார், சிலவற்றை முன்கூட்டியே தள்ளிவிடுவார், ஆனால் வாக்கியத்தின் முடிவில் தாளத்தோடு பிசகாமல் வந்து சேர்ந்துவிடுவார். 1924இல் அவர் நியூயார்க்கில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் சேர்ந்தபோது, அங்கிருந்த தேர்ந்த வாசிப்பாளர்கள் எழுதியதை எழுதியபடியே விறைப்பாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அக்குழுவின் அக்காலத்துப் பதிவுகளில் அவருடைய தனிவாசிப்பு தொடங்கும் இடமும் முடியும் இடமும் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

குரலில் இதைக் காண 1931ஆம் ஆண்டின் 'ஸ்டார்டஸ்ட்' பதிவைக் கேளுங்கள். ஹோகி கார்மைக்கேல் அமைத்த மெட்டு ஏற்ற இறக்கம் மிகுந்தது, பாடுவதற்கு எளிதானதும் அன்று. ஆம்ஸ்ட்ராங் அதன் தொடக்க வரியை எடுத்துக்கொண்டு, மெட்டின் வளைவுகளையெல்லாம் உதறிவிட்டு, சொற்களை ஏறத்தாழ ஒரே சுரத்தில் அடுக்கிச் செல்கிறார். சுரம் மாறாத இடத்தில் கேட்பவரின் கவனம் முழுவதும் எந்தச் சொல் எப்போது விழுகிறது என்பதிலேயே நிற்கிறது. ட்ரம்பெட்டிலும் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு இடைவெளிகளில் ஊதி இதே விளைவை அவர் உண்டாக்குவார்.

இன்னொன்று, நீண்ட சுரங்களை அவர் முடிக்கும் விதம். சுரத்தை நேராகத் தொடங்கி, ஆட்டமின்றிப் பிடித்து, கடைசியில் மட்டும் அதிர விடுகிறார். பாடும்போது சொல்லின் இறுதி எழுத்துக்கும் அதையே செய்கிறார். என் காதுக்கு அவருடைய கையெழுத்து இதுதான்.

நள்ளிரவு வானொலி:

ஸ்காட் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். 1926இல் 'ஹீபி ஜீபீஸ்' பதிவின்போது பாடல் வரிகள் எழுதிய தாள் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டதால் பொருளற்ற அசைகளைப் பாடி ஒப்பேற்றியதாக ஆம்ஸ்ட்ராங்கே சொல்லியிருக்கிறார். கதை சுவையானதுதான். ஆனால் தாள் விழுந்த பதற்றம் அந்தக் குரலில் எங்குமே கேட்கவில்லை என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கிளிஃப் எட்வர்ட்ஸ் போன்ற பாடகர்கள் அதற்கு முன்பே அப்படிப் பாடி இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே அவர் கண்டுபிடித்தவர் அல்லர். அந்த முறையை மற்ற பாடகர்கள் விரும்பிப் பின்பற்றும் அளவுக்கு உயர்த்தியவர் என்பதே பொருத்தம்.

நீங்கள் கேட்ட ஒற்றுமையை ஒரே பதிவில் காண வேண்டுமானால் 1928 ஜூனில் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' போதும். துணைக்கருவி எதுவும் இல்லாமல் ட்ரம்பெட் தனியாகத் தொடங்குகிறது. முதல் 4 சுரங்களையும் எழுதிக் காட்டினால் சம நீளம்தான், ஊதிக் கேட்டாலோ ஒவ்வொன்றும் வெவ்வேறு எடையோடு விழுகிறது. நடுவில் கிளாரினெட் ஒரு சிறு வாக்கியம் சொல்ல, ஆம்ஸ்ட்ராங் சொற்களற்ற குரலில், சற்றும் உரக்கப் பாடாமல், அதற்கு மறுமொழி தருகிறார். அங்கே கரகரப்பு அதிகம் இல்லை என்பதையும் கவனியுங்கள். பின்னர் ஏர்ல் ஹைன்ஸின் பியானோ முடிந்ததும் ட்ரம்பெட் திரும்பி வந்து ஓர் உயர்ந்த சுரத்தைப் பற்றிக்கொண்டு, நான்கடித் தாளச்சுற்று ஏறத்தாழ 4 முறை கடக்கும் வரை விடாமல் நிற்கிறது.

பழைய ஊசி:

மேலே நண்பர்கள் சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் குரலும் கருவியும் எப்போதும் ஒரே பாதையில் சென்றன என்று எடுத்துக்கொள்வது சரியாக இராது. உயர்ந்த சுரங்களை ஓயாமல் அழுத்தி ஊதியதால் 1930களில் அவருடைய உதடு கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதன் பிறகு வேகமான ஓட்டங்கள் குறைந்து, மெட்டை ஒட்டிய, சுரங்கள் குறைந்த வாசிப்பு முன்னுக்கு வந்தது. சிலர் இதைத் தேய்வு என்கிறார்கள், நான் அப்படிக் கருதவில்லை. குரலோ ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போயிற்று. 1964இல், 62 வயதில், 'ஹலோ டாலி' மூலம் அவர் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸ் இசைக்குழுவை இறக்கி முதலிடம் பிடித்ததற்கு அந்தக் குரலே பெரும் காரணம்.

அந்தப் பிற்கால வாசிப்பின் அருமையை அறிய, 1956இல் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுடன், பியானோ கலைஞர் ஆஸ்கார் பீட்டர்சனின் குழு துணை நிற்க அவர் செய்த பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். எல்லாவின் குரல் வழுவழுப்பானது, சுத்தமானது. அவர் பாடி நிறுத்தும் இடைவெளிகளில் ஆம்ஸ்ட்ராங் ட்ரம்பெட்டில் இரண்டு மூன்று சுரங்களை மட்டும் மெல்ல வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அடுத்த பத்தியில் அவரே பாட வரும்போது சொற்களையும் அதே சிக்கனத்தோடு, அதே இடங்களில் காத்திருந்து வைக்கிறார்.