வாரத் தவணை மழைக்கும் கடலுக்கும் ஒத்துவருமா?

கேள்வி: மகளிர் குழுக் கணக்கர், திருவட்டாறு பகுதி

எங்கள் சுய உதவிக் குழுவில் பதினைந்து பேர் இருக்கிறோம். சிலர் நாங்கள் ‘அண்டி ஆபீஸ்’ என்று சொல்லும் முந்திரி ஆலைக்குப் போகிறார்கள். மற்ற வீடுகள் ரப்பர் பால்வெட்டுக் கூலியில் ஓடுகின்றன. 2014இல் ஜன் தன் திட்டம் வந்த பிறகு வங்கிக் கணக்கு இல்லாதவர் எங்களில் யாரும் இல்லை. ஆனால் கடன் என்று வந்தபோது ஐந்து பேர் வாரத் தவணைக்குப் பணம் தரும் ஒரு தனியார் நிறுவனத்திடம்தான் போனார்கள். ஜூன் மழையில் மூன்று வாரம் வெட்டு நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமைத் தவணைக்காக ஓர் உறுப்பினர் மகளின் காதிலிருந்து கம்மலைக் கழற்றி அடகுக்குக் கொடுத்தனுப்பியதை நான் நேரில் பார்த்தேன். ஏழைகளுக்கு நிதிச் சேவை கிடைத்தால் வறுமை குறையும் என்கிறார்கள். அது உண்மையென்றால் எங்கள் குழு எதைக் கேட்டுப் பெற வேண்டும்?

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்

சகோதரி, கடன் கிடைப்பதையே நிதிச் சேவை என்று எண்ணிக்கொண்டதில்தான் தவறு தொடங்குகிறது. இந்தியா, எத்தியோப்பியா, மெக்சிகோ உட்பட ஆறு நாடுகளில் நடந்த கள ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. சிறுகடனால் சிலருடைய தொழில் சற்று விரிந்ததே தவிர, சராசரிக் குடும்பத்தின் வருமானம் குறிப்பிடும்படி உயரவில்லை. கென்யாவிலோ, சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்களுக்கு வட்டியே தராத, பணம் எடுக்கக் கட்டணம் பிடிக்கும் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து கொடுத்தபோதுகூட, அவர்கள் தொழிலில் போட்ட முதல் கூடியது. கொல்கத்தாவில் முதல் தவணைக்கு இரண்டு வாரத்துக்குப் பதிலாக இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். முதலீடும் லாபமும் உயர்ந்தன, கட்டத் தவறியவர்களும் கூடினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடின்றித் தரும் கடனில், அந்தக் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் வாங்கியவரின் தேவைக்கேற்பத் தவணை இடைவெளியை அமைத்துத் தர நிறுவனத்துக்குக் கொள்கை இருக்க வேண்டும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. ஆகவே மாதத் தவணையாக மாற்றித் தரும்படி எழுத்திலேயே கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் வசூலுக்கு வரும் பையனோடு அது முடிந்துவிடும்.

மறுமொழி: குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் கிராமம்

எங்கள் மீனவர் சங்கத்தில் இதற்கு ஒரு வழி முன்பே உண்டு. கரையில் மீன் ஏலம் போனதும் அன்றைய தொகையில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொள்வார்கள். மீன் நன்றாகப் பட்டால் கடன் வேகமாக அடைபடும். வள்ளம் வெறுமையாகக் கரையேறினால் அன்று தவணை கிடையாது. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இந்த முறையைப் பிடித்துத்தான் வளர்ந்தது. அதற்கு முன் வலைக்கும் எஞ்சினுக்கும் தரகரிடம் கடன்பட்டு, அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுத்த காலத்தை என் அப்பா இன்றும் சொல்வார்.

இன்னொன்றையும் பாருங்கள். கிழக்குக் கரையிலுள்ள சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையான எங்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் கை வறளும் மாதங்களே இரண்டு விதமாக இருக்கும்போது, எல்லோருக்கும் ஒரே வாரத் தவணை எப்படிப் பொருந்தும்?

மறுமொழி: குலசேகரம்

காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அக்கா. பிரதமர் பெயரிலுள்ள ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். ஒவ்வொன்றிலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். தொகை மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். பள்ளி திறக்கும் செலவில் கணக்கு காலியாக இருக்கும் நேரம் அது. 456 ரூபாய் இல்லையென்றால் காப்பு நின்றுவிடும். எங்கள் குழுவில் ஏப்ரல் சந்தாவோடு அந்தத் தொகையை வாங்கி அவரவர் கணக்கில் போட்டுவிடுகிறோம்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. தவணை கட்டியதைக் குறிக்கும் ஐந்து கடன் அட்டைகளையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மாதத் தவணைக்கான மனுவை நானே எழுதுகிறேன். அந்தக் கம்மலை மீட்கக் குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுக்கலாமா என்பதையும் அன்றே கூட்டத்தில் வைக்கிறேன்.