புதுக் கொண்டோவைப் பொறுப்பேற்கிறோம், கையெழுத்துப் போடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

செந்தூல்_நிர்வாகி:

வணக்கம். கோலாலம்பூர் செந்தூல் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் ஒரு கொண்டோவுக்கு பில்டிங் மேனேஜராகச் சேர்ந்திருக்கிறேன். இதுவரை பழைய கட்டடங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், புதுக் கட்டடத்தைக் கட்டிய குத்தகையாளர் (கான்ட்ராக்டர்) கையிலிருந்து வாங்குவது இதுதான் முதல் தடவை. சிசிசி (கட்டடம் முடிந்ததற்கான சான்றிதழ்) வந்துவிட்டது, வீட்டுக்காரர்களுக்குச் சாவி கொடுக்க மேம்பாட்டாளர் தேதியும் குறித்துவிட்டார். பம்ப் ரூம், ஜென்செட் (ஜெனரேட்டர்), லிஃப்ட், ஃபயர் அலாரம் எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு பாரத்தில் இந்த வாரமே கையெழுத்துக் கேட்கிறார்கள். ஆபீஸில் ஃபைல்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கின்றன, திறந்தால் பாதிக்கு மேல் வெறும் கேட்டலாக். டெஸ்டிங் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் நானோ என் டெக்னிஷியனோ கூட நின்று பார்க்கவில்லை. சிசிசி கையில் இருக்கும்போது மறுபடி டெஸ்ட் பண்ணிக் காட்டுங்கள் என்று கேட்பது அதிகப்படியா?

பினாங்கு_எம்அண்ட்இ:

அதிகப்படியே இல்லை தம்பி, கேளுங்கள். சிசிசி 2007 ஏப்ரலில் பழைய சிஎஃப்ஓ சான்றிதழுக்குப் பதிலாக வந்தது. முன்பு ஊராட்சி மன்றம் கொடுத்துக்கொண்டிருந்ததை இப்போது பிஎஸ்பி, அதாவது திட்டத்துக்குப் பொறுப்பான ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ கொடுக்கிறார், ஜி1 முதல் ஜி21 வரை உள்ள பாரங்களில் அந்தந்த வேலையைச் செய்தவர்களும் மேற்பார்த்தவர்களும் கையெழுத்துப் போட்ட பிறகு. கட்டடத்தில் குடியேறலாம் என்பதற்கு அது சான்று. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்டு போனால் உங்கள் ஆள் தனியாகச் சமாளிப்பானா என்று எந்த ஜி பாரமும் கேட்பதில்லை.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பிளாக் பில்டிங் டெஸ்ட், அதாவது கரண்டு போனால் கட்டடம் முழுக்க என்ன ஆகிறது என்ற சோதனை. வெளியிலிருந்து வரும் தெனாகா கரண்டை மெயின் சுவிட்ச்போர்டிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஜென்செட் தானாக ஸ்டார்ட் ஆகி ஏடிஎஸ் (கரண்டைத் தானாக ஜென்செட்டுக்கு மாற்றும் சுவிட்ச்) மாறுகிறதா, லிஃப்டுகள் ஒவ்வொன்றாகத் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நிற்கின்றனவா, படிக்கட்டில் எமர்ஜென்சி விளக்கு எரிகிறதா என்று மாடிக்கு ஒரு ஆளை நிறுத்திப் பாருங்கள். அந்த நிலையிலேயே ஒரு ஸ்மோக் டிடெக்டரைத் தூண்டிவிடுங்கள். பாயான் லெப்பாஸில் நான் பார்த்த ஒரு கட்டடத்தில் ஜென்செட் ரிப்போர்ட் சுத்தம், லிஃப்ட் ரிப்போர்ட் சுத்தம், ஃபயர் அலாரம் ரிப்போர்ட்டும் சுத்தம். மூன்றையும் சேர்த்து ஓட்டியபோது அலாரம் அடித்தும் இரண்டு லிஃப்ட் மேலேயே நின்றுவிட்டன. அலாரம் பேனலிலிருந்து லிஃப்ட் மோட்டார் ரூமுக்குப் போன வயர் டெர்மினல் பிளாக்கில் மாட்டப்படாமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குத்தகையாளரும் தன் வேலையை மட்டும் சோதித்திருக்கிறார், நடுவில் இருந்த அந்த வயரை யாரும் தன்னுடையது என்று நினைக்கவில்லை. கோளாறு பெரும்பாலும் இந்த மாதிரி இரண்டு பேர் வேலை சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும், அதனால் தனித்தனி ரிப்போர்ட்டை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் தெரியாது.

பிஎம்எஸ் (கட்டடத்து மெஷின்களைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் சிஸ்டம்) இருந்தால் ஸ்கிரீனை நம்பாதீர்கள். ஸ்கிரீனில் ஃபேன் ஓடுகிறது என்று பச்சையாகக் காட்டும்போது ஒருவர் ஃபேன் பக்கத்தில் நின்று போனில் சொல்ல வேண்டும்.

பம்ப்_ரூம்_ஆள்:

அண்ணன் சொன்னதோடு கீழ்மட்டத்து விஷயம் கொஞ்சம் சொல்கிறேன், நான் டெக்னிஷியன். பாஸ்வேர்டு வாங்குங்கள். சிசிடிவி, ஆக்சஸ் கார்டு, பிஎம்எஸ் மூன்றுக்கும் அட்மின் பாஸ்வேர்டு. சப்கான்ட்ராக்டர் ஆள் வேலையை முடித்துவிட்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டால் ஒரு கார்டைக்கூட கேன்சல் பண்ண முடியாது. அப்புறம் ஏஸ்-பில்ட் டிராயிங்கை (கட்டி முடித்தபடி வரைந்த பிளானை) கையில் வைத்துக்கொண்டு, பைப்புகள் மாடிக்கு மாடி ஏறும் ரைசர் ரூம் ஒவ்வொன்றாக நடங்கள். வால்வில் தொங்கும் டேக்கில் உள்ள நம்பர் டிராயிங்கில் இருக்கிறதா, அந்த வால்வை மூடினால் டிராயிங் சொல்லும் வீடுகளுக்குத்தான் தண்ணீர் நிற்கிறதா என்று சிலதையாவது மூடித் திறந்து பாருங்கள். வீட்டுக்காரர்கள் குடிவந்த பிறகு இதைச் செய்யவே முடியாது. அதே பேட்ச் டைல்ஸ் சில பெட்டியும் கேட்டு ஸ்டோரில் வையுங்கள், பின்னால் அந்தக் கலர் எங்கும் கிடைக்காது.

கமிட்டி_அக்கா:

நான் வீட்டுக்காரர்கள் பக்கத்திலிருந்து பேசுகிறேன், எங்கள் ஜேஎம்பி, அதாவது மேம்பாட்டாளரும் வீட்டுக்காரர்களும் சேர்ந்த கூட்டு நிர்வாக அமைப்பின் கமிட்டியில் இருக்கிறேன். தம்பி, தேதிகளை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வீடு வாங்கியவர்களுக்கு விற்பனை ஒப்பந்தப்படி 24 மாத டிஃபெக்ட் காலம் (குறைகளை மேம்பாட்டாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்), அது சாவி கிடைக்கும் விபி தேதியிலிருந்து ஓடுகிறது. குத்தகையாளருக்கும் மேம்பாட்டாளருக்கும் உள்ள ஒப்பந்தத்தில் அது சிபிசி தேதியிலிருந்து, அதாவது வேலை முடிந்தது என்று குத்தகையாளருக்குச் சான்று கொடுத்த நாளிலிருந்து ஓடும். பம்ப், லிஃப்ட், ஜென்செட் வாரண்டி சில சமயம் மெஷினை ஓட்டிப் பார்த்த நாளிலிருந்தே ஆரம்பித்துவிடும். எங்கள் இடத்தில் மக்கள் குடிவந்து கொஞ்ச நாளிலேயே பூஸ்டர் பம்ப் வாரண்டி முடிந்துவிட்டது, காலிக் கட்டடத்திலேயே பாதிக் காலம் கழிந்திருந்தது. அந்தப் பம்ப் செலவு கடைசியில் மெயின்டெனன்ஸ் கட்டணத்திலிருந்துதான் போனது, எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டம் உங்கள் கோலாலம்பூரில் 2015 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி விபி கொடுத்த 12 மாதத்துக்குள் முதல் பொதுக்கூட்டம் நடத்தி ஜேஎம்பி அமைக்க வேண்டும், மேம்பாட்டாளரின் நிர்வாகக் காலம் முடிந்தபின் கணக்கு, பிளான், வாரண்டி எல்லாம் எங்கள் கைக்கு வர வேண்டும். இன்றைக்கு நீங்கள் வாங்காமல் விட்டதை அப்போது உங்களிடம்தான் கேட்போம். யாரிடம் என்ன கேட்டீர்கள், எப்போது கேட்டீர்கள் என்பதை இமெயிலில் வையுங்கள், வாட்ஸ்அப்பில் சொன்னதெல்லாம் பிறகு கிடைக்காது. மேம்பாட்டாளர் கொடுக்க மறுத்தால் கட்டட ஆணையரிடம் போகலாம், உங்களுக்கு அது டிபிகேஎல்லில் (கோலாலம்பூர் மாநகராட்சியில்).

செந்தூல்_நிர்வாகி:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஒன்று மட்டும் கேட்கிறேன், சாவி தேதி நெருங்கிவிட்டது, கையெழுத்துப் போடவே மாட்டேன் என்று நின்றால் என்னைத்தான் மாற்றுவார்கள். என்ன செய்வது?

பினாங்கு_எம்அண்ட்இ:

மறுக்க வேண்டாம், பிரித்துப் போடுங்கள். சாவி, ஃபைல், சாமான்கள் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் எண்ணிக்கையோடு போடுங்கள். இயந்திரங்கள் நல்ல நிலையில் இருக்கின்றன என்ற வரியை அடித்துவிட்டு, "எங்கள் முன்னிலையில் இன்னும் சோதிக்கப்படவில்லை" என்று கையால் எழுதி, எந்தெந்த சிஸ்டம் என்று பெயர் சொல்லி, டெஸ்ட் தேதிக்கு ஒரு இடம் விட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு காப்பி ஆர்க்கிடெக்டுக்கும் எம்அண்ட்இ (மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல்) கன்சல்டன்டுக்கும் போகட்டும். பிளாக் பில்டிங் டெஸ்ட்டுக்கு ஒரு ராத்திரி போதும், ஆட்கள் குடிவருவதற்கு முந்தைய வாரத்திலேயே கேளுங்கள். பிறகு லிஃப்டை நிறுத்த வேண்டுமென்றால் வீடு வீடாக நோட்டீஸ் ஒட்ட வேண்டியிருக்கும். உங்கள் டெக்னிஷியனையே சுவிட்சை இறக்கச் சொல்லுங்கள், குத்தகையாளரின் ஆள் பக்கத்தில் நிற்கட்டும்.