பலகையில் 'நரம்பியல்' என்று மட்டும் போட்டால் போதுமா?

பல்லடம் தறிக்காரர்:
எங்கள் பக்கம் நாள் முழுக்க நின்றபடி தறி ஓட்டுகிறவர்களுக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொள்வது சகஜம். 'நரம்பியல் நிபுணர்' என்ற பலகையைப் பார்த்ததும் உள்ளே போய் டோக்கன் போட்டுக் காத்திருக்கிறார்கள். "இது ரத்தக்குழாய், சர்ஜனைப் பாருங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் இந்த டாக்டர் பார்க்க வேண்டிய வலிப்பு வந்தால் மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். மூளையைச் சொல்லாத பெயர்தான் இதற்குக் காரணம் என்கிறேன்.

கோபி வாத்தியார்:
பெயர்மேல் பழி போடாதீங்க தம்பி. நரம்பியலை இங்கிலீஷில் 'நியூராலஜி' என்கிறோமே, அதற்கு வேரான 'நியூரான்' என்ற கிரேக்கச் சொல்லுக்கே முதலில் தசைநார், நாண் என்றுதான் பொருள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஹீரோஃபிலஸ் போன்ற கிரேக்க மருத்துவர்கள் உடலை அறுத்து ஆராய்ந்த பிறகுதான், உணர்வையும் அசைவையும் கடத்தும் நரம்பு தசைநாரிலிருந்து தனியாகப் பிரிந்தது. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் மூளையின் உடற்கூறு பற்றி லத்தீனில் எழுதிய நூலில் 'நியூராலஜி' என்ற சொல்லை உண்டாக்கினார். அந்த நூலுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென். மூளையைப் பற்றிய நூலிலேயே பிறந்த சொல், அதில் மூளை இல்லை! நம் 'நரம்பு'ம் அப்படித்தான். தொல்காப்பியத்தில் அது யாழின் தந்தி. புறநானூறு 278இல் 'நரம்பெழுந்து உலறிய' முதியவளின் தோளில் புடைத்துத் தெரிவது ரத்தக்குழாய். ஒரே சொல் பல பொருளைச் சுமப்பது குறையில்லை.

பல்லடம் தறிக்காரர்:
ஏனுங்க வாத்தியாரே, நீங்கள் சொன்னதே என் பக்கம்தானே நிற்கிறது? வில்லிஸ் அந்தச் சொல்லால் குறித்தது நரம்புகளைப் பற்றிய பாடத்தை. அது நோய் பார்க்கும் தனித்துறையாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டில். பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவருக்கு நரம்பு மண்டல நோய்களுக்கான பேராசிரியர் பதவி கிடைத்தது 1882இல். துறை மூளை, தண்டுவடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது, பெயர் மட்டும் அங்கேயே நிற்கிறது. இங்கிலீஷில் ரத்தக்குழாய்க்கு வேறு சொல் இருக்கிறது, அவர்களுக்குக் குழப்பமில்லை. நம் ஊர்ப் பேச்சில் இரண்டும் நரம்புதான்.

ஈரோடு நர்ஸ்:
நான் தறிக்கார அண்ணன் பக்கம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒரு பக்கக் கை திடீரென்று விழுந்துவிட்டால், "நரம்பு பிடிச்சிருக்கு" என்று எண்ணெய் தேய்த்துவிட்டு விடியும்வரை காத்திருக்கிறார்கள். அந்தக் கை விழுந்ததற்குக் காரணம் மூளையில் இருக்கிறது என்று தெரிந்தால் அப்படிக் காத்திருப்பார்களா?

கோபி வாத்தியார்:
அது நியாயம்தான் அம்மிணி. ஆனால் பெயரில் மூளையை முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்றும் பாருங்க. சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவருக்கு மூளையில் ஒரு கோளாறும் இல்லை, அவரும் இந்தத் துறைக்குத்தான் வர வேண்டும். 'மூளை டாக்டரிடம் போ' என்றால், பைத்தியம் என்று ஊர் பேசுமோ என்று பயந்து வாசலோடு திரும்பிவிடுவார். பாடநூலிலும் கல்லூரியிலும் 'நரம்பியல்' அப்படியே இருக்கட்டும். பலகையில் பெயருக்குக் கீழே 'பக்கவாதம், வலிப்பு, கை நடுக்கம், பாத எரிச்சல்' என்று நோயை எழுதச் சொல்லுங்க.

பல்லடம் தறிக்காரர்:
நோயை எழுதுவது சரிங்க, அதை ஒத்துக்கொள்கிறேன். பெயர் விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. 'மூளை நரம்பியல்' என்று சேர்த்தே போடட்டும். அப்புறம், கால் நரம்பு சுருட்டலுக்கு இங்கே வர வேண்டாம் என்றும் ஒரு வரி வேண்டும்.