கார்பைடு பிட் முறிந்த ராத்திரி: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

சுங்கை சிப்புட் கடைசல்

மூன்று வாரமாகிறது, அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. செம்பனை ஆலையிலிருந்து 304 ரக எவர்சில்வர் தட்டு வந்தது. 20 மி.மீ. கனம், எம்10 (10 மி.மீ. போல்ட்) மரைக்கு எட்டு ஓட்டை. தம்பி துளைபோடும் எச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) பிட்டை அழுத்தாமல் சுழலவிட்டான். முதல் ஓட்டையின் அடி கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது. ஆலைக்குக் காலையில் வேண்டும். அலமாரியில் இருந்த 8.5 மி.மீ. சாலிட் கார்பைடு பிட்டை (எச்எஸ்எஸ்ஸைவிடக் கடினம், ஆனால் வளையாமல் முறியும்) தூண் டிரில்லில் மாட்டி, பிட் வழுக்காமல் இருக்க முதலில் 90 டிகிரி ஸ்பாட் குழி போட்டு இறக்கினேன். ஏழு ஓட்டை வாழைத்தண்டில் இறங்குவது போல் போனது. எட்டாவது, மறுபக்கம் வெளிவரும் நேரம், 'டிக்'. பாதி உள்ளே. ஒரு துண்டு தெறித்துத் தம்பி போட்டிருந்த கண்ணாடியில் பட்டது. கழற்றிப் பார்த்தால் கருவிழிக்கு நேரே வெடிப்பு. 19 வயதுப் பையன்.

உள்ளே மாட்டிய துண்டை ஈப்போவில் ஸ்பார்க் அடித்து, அதாவது மின்பொறியால் அரித்துத்தான் எடுத்தோம். சுழலும்போது டிரில் பக்கவாட்டில் ஆடும் ஆட்டம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

பந்திங் ஃபிட்டர்

பையனுக்கு ஒன்றும் ஆகாதது பெரிய விஷயம் அண்ணே. ஆனால் ஆட்டம் மட்டும் காரணமில்லை. கார்பைடின் முனை பெரும்பாலும் 140 டிகிரி. நீங்கள் 90 டிகிரி குழி போட்டால் நடு முனை தொடுவதற்கு முன்னே ஓரங்கள் இரண்டும் இடிக்கும். ஏழு ஓட்டையிலும் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்திருக்கும். ஸ்பாட் முனை பிட்டைவிட விரிந்ததாக, 142, 145 டிகிரியில் இருக்க வேண்டும்.

உங்கள் மெஷினுக்கு 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 எச்எஸ்எஸ் பிட்தான் சரி. 8.5 பிட்டுக்கு நிமிடத்துக்கு 450 சுற்று வையுங்கள். நல்ல கட்டிங் ஆயில் விட்டு, உலோகச் சுருள் தொடர்ந்து வரும்படி அழுத்துங்கள். பிட்டை நடுவில் வெட்டாமல் உரசவிட்டால் 304 இறுகிவிடும், தம்பிக்கு நடந்ததே அதுதான். கார்பைடு வாங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் பிட்டை மாட்டி டயல் (ஆட்டத்தை அளக்கும் ஊசிக் கருவி) வைத்துப் பாருங்கள். 0.02 மி.மீ.க்கு மேல் ஊசி ஆடினால் வேண்டாம். கையால் இறக்கும் மெஷினில் வெளிவரும் நொடியில் பிட் தானே இழுத்துக்கொள்ளும். எச்எஸ்எஸ் வளைந்து கொடுக்கும், கார்பைடு கொடுக்காது.

கூலிம் சிஎன்சி

ஆயில் விடச் சொன்னவர் ஒன்றை விட்டுவிட்டார். கார்பைடுக்கு இடைவெளி விட்டு ஊற்றினால் சூடும் குளிரும் மாறி விளிம்பில் வெடிப்பு விழும். ஒன்று தொடர்ந்து ஓட வேண்டும், இல்லை பிட்டின் கோட்டிங் (மேல்பூச்சு) அனுமதித்தால் ஆயிலே இல்லாமல் காய்ந்தே ஓட்ட வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. அலுமினியம் வேலைக்கு, விலை கூடியதுதானே நல்லது என்று டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூசிய பிட்டை மாட்டினேன். மெஷின் புதுசு, ஆட்டமே கிடையாது. அப்புறம் பார்த்தால் பிட்டின் முறுக்குப் பள்ளம் முழுக்க அலுமினியம் பற்றவைத்தது போல் ஒட்டியிருந்தது. அந்தப் பூச்சிலேயே அலுமினியம் இருக்கிறது, ஒட்டத்தான் செய்யும். பூச்சில்லாத, பள்ளம் பளபளவென்று தீட்டிய பிட்டைத்தான் இப்போது வாங்குகிறேன்.

சுங்கை சிப்புட் கடைசல்

இன்று காலை டயல் வைத்தேன். தம்பியையே படிக்கச் சொன்னேன். "0.12, அண்ணே" என்றான். மிச்சமிருந்த மூன்று கார்பைடு பிட்டையும் எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டேன். எம்35 வாங்க அவனே ஈப்போவுக்குப் பைக்கில் போயிருக்கிறான்.