5 மில்லிமீட்டர் சிறுநீரகக் கல் வெளியே வந்துவிட்டது. திரும்ப வருமா?

செந்தூல் தம்பி:
அண்ணனுக்கு வயது 46, பினாங்கில் பிறை என்ற ஊரில் வெல்டிங் வேலை. கல் தானாக வெளியேறியது. லேப்பில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. சுண்ணாம்புக் கல்லாச்சே, பாலை நிறுத்து என்கிறார்கள் வீட்டில். தினம் 8 கிளாஸ் தண்ணீர் குடிக்கிறார். போதுமா? மறுபடி வர எவ்வளவு வாய்ப்பு?

பினாங்கு நர்ஸ்:
ஆண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிறது, அதிகம் 30–60 வயதில். ஒன்றும் செய்யாமல் விட்டால், வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 10 ஆண்டுகளுக்குள் திரும்ப வரும்.
கிளாஸை எண்ணாதீர்கள் தம்பி, சிறுநீரை அளங்கள். 24 மணி நேரத்தில் 2.5 லிட்டர் போக வேண்டும். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை பாட்டிலில் பிடியுங்கள். வேலை நாளில் அளப்பது முக்கியம். வெல்டிங் சூட்டில் குடிப்பதில் பெரும்பகுதி வியர்வையாகிவிடும். 8 கிளாஸ் நிச்சயம் போதாது. படுக்கும்முன் ஒரு கிளாஸ் கட்டாயம், ராத்திரியில்தான் சிறுநீர் கெட்டியாகும். இருதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

உணவு ஆலோசகர், பிரிக்பீல்ட்ஸ்:
பாலை நிறுத்தவே வேண்டாம்! சாப்பாட்டோடு போகும் கால்சியம், கீரை போன்றவற்றில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு தள்ளிவிடும். பால் இல்லையென்றால் அந்த ஆக்சலேட் சிறுநீருக்கு வரும். கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை இத்தாலியில் 5 ஆண்டு கவனித்து 2002-இல் வெளியிட்டார்கள்: கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல்; கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான்.
அதனால் கை வைக்க வேண்டியது உப்பில். உப்பு ஏற ஏற சிறுநீரில் கால்சியமும் ஏறும். நாளுக்கு 5 கிராம், எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி. சம்பல், நெத்திலி, கருவாடு, கிச்சாப் (சோயா சாஸ்), இன்ஸ்டன்ட் மீ தூள், இவற்றிலேயே அது தீர்ந்துவிடும். ஆக்சலேட் அதிகமுள்ள பாயம் (முளைக்கீரை வகை) கீரையை வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டுத் தயிரோடு சாப்பிடலாம். பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) ஜூஸும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையும் வேண்டாம், அவையும் ஆக்சலேட்டைக் கூட்டும்.

செந்தூல் தம்பி:
வாழைத்தண்டு சாறு கரைக்குமா?

பினாங்கு நர்ஸ்:
கால்சியம் ஆக்சலேட்டை எந்தச் சாறும் கரைக்காது. மருந்தால் கரையக்கூடியது யூரிக் அமிலக் கல். அது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு அதிகம். எலுமிச்சைச் சாறு புதிய கல் கட்டுவதைக் கொஞ்சம் தடுக்கும், சீனி போடாமல் குடிக்கட்டும்.
வலி நின்றாலும் ஒரு ஸ்கேன் எடுங்கள். கல் சிறுநீர்க் குழாயை அடைத்துக்கொண்டு வலியே இல்லாமலும் இருக்கும். இடுப்பு வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.