முதலில் ஊசி, மறுநாள் ஸ்டென்ட்: அப்பாவுக்குச் செய்தது சரியான சிகிச்சைதானா?

கேள்வி: கரையோரம்

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் 63 வயதான என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. வலி தொடங்கி ஒன்றரை மணி நேரத்திற்குள் அருகிலிருந்த சிறிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இ.சி.ஜி.யைப் பார்த்த மருத்துவர், ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த இதய ரத்தக்குழாயைப் பலூனால் விரித்துத் திறப்பது) வசதியுள்ள இடத்திற்குப் போய்ச் சேரவே மூன்று மணி நேரமாகும் என்று சொல்லி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, உடனே ஆம்புலன்ஸில் அனுப்பிவைத்தார். பெரிய மருத்துவமனையில் மறுநாள் காலையில் ஆஞ்சியோகிராம் செய்து (சாயம் செலுத்திக் குழாய்களைப் படமெடுத்து), அடைத்திருந்த குழாயில் அதை விரித்து வைக்கும் ஒரு ஸ்டென்ட் (உலோக வலைக்குழாய்) பொருத்தினார்கள். அப்பா இப்போது வீட்டுக்குள் நடமாடுகிறார்.

ஆனால் சித்தப்பா, ஊசி போட்டுப் பொன்னான நேரத்தை வீணாக்கிவிட்டார்கள் என்கிறார். மாமாவோ, ஸ்டென்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஆயுள் கூடுவதில்லை என்று ஆய்வுகளே சொல்லிவிட்டன என்கிறார். இருவரும் படித்தவர்கள்; இருவர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு குழாயில் 75 சதவீத அடைப்பு இருப்பதாகவும், ஆறு வாரத்திற்குள் அதற்கும் ஸ்டென்ட் வைப்பது நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சம்மதப் படிவங்களில் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால், இதைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1: துடிப்பு (இதயநோய் மருத்துவர்)

அப்பா நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. சித்தப்பா சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. 23 ஆய்வுகளில் பங்கேற்ற 7,739 நோயாளிகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி 2003-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான கட்டுரையில், முதல் சில வாரங்களில் இறந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 9 சதவீதம், நேரடியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டவர்களில் 7 சதவீதம். மறுபடி மாரடைப்பு வந்தவர்களின் விகிதமும் 7-லிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. உரிய நேரத்தில் செய்ய முடியுமானால் ஆஞ்சியோபிளாஸ்டியே மேல் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை.

எல்லாம் அந்த ‘உரிய நேரத்தில்’ என்ற சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. ரத்த ஓட்டம் முழுவதும் நின்ற அரை மணி நேரத்திற்குள்ளாகவே இதயத் தசை மீள முடியாதபடி சாகத் தொடங்கிவிடுகிறது. முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் கட்டி இளசாக இருப்பதால் ஊசிக்கு எளிதில் கரைகிறது. ஆகவேதான், இ.சி.ஜி.யில் மாரடைப்பு உறுதியான நேரத்திலிருந்து 120 நிமிடத்திற்குள் குழாயைத் திறக்க முடியாது என்று தெரிந்தால், ஊசிக்குத் தடை ஏதும் இல்லாதவரை, பத்து நிமிடத்திற்குள் அதைப் போட்டு, ஆஞ்சியோ வசதியுள்ள இடத்திற்கு உடனே அனுப்பும்படி ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஊசி வேலை செய்திருந்தால் 2 முதல் 24 மணி நேரத்திற்குள் ஆஞ்சியோகிராம். உங்கள் அப்பாவுக்கு நடந்தது ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து இதுவே.

இந்த வழியை நேரடியாகச் சோதித்த ‘ஸ்ட்ரீம்’ ஆய்வு 2013-இல் வெளியானது. வலி தொடங்கி மூன்று மணி நேரத்திற்குள் வந்த, ஆனால் ஒரு மணி நேரத்திற்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்க வாய்ப்பில்லாத 1,892 பேர் அதில் பங்கேற்றார்கள். மரணம், அதிர்ச்சி நிலை (இதயம் போதிய ரத்தத்தை இறைக்க முடியாமல் ரத்த அழுத்தம் சரிவது), இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று 30 நாளில் நேர்ந்தவர்கள் ஊசிக் குழுவில் 12.4 சதவீதம், நேரடி ஆஞ்சியோபிளாஸ்டிக் குழுவில் 14.3 சதவீதம், புள்ளியியல்படி இரண்டும் சமம் என்றே கொள்ள வேண்டும். ஊசிக்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது: மூளைக்குள் ரத்தக்கசிவு 0.2 சதவீதத்திற்கு எதிராக 1 சதவீதம். ஆய்வின் நடுவிலேயே 75 வயதைக் கடந்தவர்களுக்கு மருந்தளவைப் பாதியாக்கியபின் அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்தது.

மறுமொழி 2: அளவுகோல்

மாமா சொல்வதற்கு நான் பதில் எழுதுகிறேன். மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரங்களைச் சரிபார்ப்பது என் தொழில். அவர் மனத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் 2007-இல் வந்த ‘கரேஜ்’ ஆய்வாகவோ 2020-இல் வந்த ‘இஸ்கீமியா’ ஆய்வாகவோ இருக்கும். முன்னதில் 2,287 பேர், பின்னதில் 5,179 பேர். இரண்டிலுமே, மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்களுக்கு ஸ்டென்ட்டையும் சேர்த்துச் செய்வதால் மரணம் குறையவில்லை. ஆனால் அங்கே சேர்க்கப்பட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். நடந்தால் நெஞ்சு இறுக்கம், நின்றால் சரியாகிவிடும் என்ற வகையில் நிலையான அடைப்பு உள்ளவர்கள் அவர்கள். மாரடைப்போடு ஆம்புலன்ஸில் வந்து இறங்கியவர்கள் அதில் இல்லை.

இந்த வேறுபாட்டுக்கு உடலுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. குழாயை மெல்ல மெல்லக் குறுக்கிய பழைய கெட்டியான படிவுதான் மாரடைப்பை உண்டாக்கும் என்றில்லை. அதிகம் குறுக்காத, மேல்தோல் மெலிந்த ஒரு கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் மூடிக்கொள்வதே பெரும்பாலும் நடக்கிறது. பழைய குறுகலை விரித்து வைப்பதால் வேறோர் இடத்தில் வெடிக்கப் போகும் படிவைத் தடுக்க முடியாது. மூடிய குழாயைத் திறப்பது வேறு செயல். அங்கே செத்துக்கொண்டிருக்கும் தசைக்கு ரத்தம் போகிறது. பலூனும் ஸ்டென்ட்டும் அதேதான், அவை பதில் சொல்லும் கேள்விதான் வேறு.

இரண்டாவது குழாய் பற்றியும் ஆய்வு இருக்கிறது. 2019-இல் வெளியான ‘கம்ப்ளீட்’ ஆய்வில், மாரடைப்பை உண்டாக்கிய குழாயைச் சரிசெய்தபின், 70 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள மற்ற அடைப்புகளையும் (அதற்குக் குறைந்தவற்றில், குழாய்க்குள் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்ததில் முக்கியமானவை என்று தெரிந்தவற்றையும்) அடுத்த சில வாரங்களுக்குள் சரிசெய்தவர்களில், சுமார் மூன்று ஆண்டுகளில் இதயநோயால் இறந்தவர்களும் மறு மாரடைப்புக்கு ஆளானவர்களும் சேர்த்து 7.8 சதவீதம்; முதல் குழாயோடு நிறுத்தியவர்களில் 10.5 சதவீதம். நன்மை பெரும்பாலும் மறு மாரடைப்பு குறைந்ததால் வந்தது, மரணத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. உங்கள் மருத்துவர்கள் சொன்ன ஆறு வாரமும் 75 சதவீதமும் இதோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன.

மறுமொழி 3: இரவுப்பணி (ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபில் செவிலியர்)

ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஊசி போட்ட ஒன்றரை மணி நேரத்தில் எடுத்த இ.சி.ஜி. உங்களிடம் இருக்கிறதா? முதல் தாளில் மேடுபோல் உயர்ந்து நிற்கும் கோடு அதில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தால், ஊசியே குழாயைத் திறந்துவிட்டது என்று கொள்வோம். இறங்காதவர்களை இரவானாலும் மேசைக்குக் கொண்டுவருவோம். மேலே சொன்ன ‘ஸ்ட்ரீம்’ ஆய்விலும் 36 சதவீதம் பேருக்கு அப்படி அவசரமாகச் செய்ய வேண்டியிருந்தது. உங்கள் அப்பாவைக் காலைவரை காத்திருக்க விட்டார்கள் என்பதே நல்ல அறிகுறியாக எனக்குப் படுகிறது. பலூன் விரிந்து குழாயில் சாயம் முழுதாக ஓடும் கணத்தில், அதுவரை வியர்த்து முனகிக்கொண்டிருந்தவர் “வலி விட்டுப் போச்சு” என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஊசி வேலை செய்பவர்களுக்கு அந்தக் கணம் ஆம்புலன்ஸிலேயே வந்துவிடுகிறது.

கரையோரம்

தாள்களைத் தேடி எடுத்தேன். இரண்டாவது இ.சி.ஜி.யில் கோடு நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஆம்புலன்ஸில் வலி குறைந்ததாக அப்பா சொன்னதும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. மூவருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம்: பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று, ஆஸ்பிரினோடு தந்த இரண்டாவது மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அப்பா கேட்கிறார்.

துடிப்பு

தயவுசெய்து நீங்களாக நிறுத்த வேண்டாம். புதிதாக வைத்த ஸ்டென்ட்டின் உலோகத்தின்மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும்வரை, அதன்மேல் ரத்தம் உறையும் அபாயம் இருக்கிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்துவது அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. ஈறில் வரும் ரத்தத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவையென்றால் மருந்தை மாற்றித் தருவார். மலம் கருப்பாகப் போனாலோ ரத்தம் நிற்காமல் வந்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.